துருப்பிடித்த டொயோட்டா எம்ஆர்2: 17 வயதுப் பையனுக்கு முதல் காராக வாங்கலாமா?

என் அக்கா மகன் வாங்கிய முதல் கார், 1986-ல் பதிவான டொயோட்டா எம்ஆர்2. முதல் தலைமுறை வண்டி. இதன் பைத்தியங்கள் இதை ஏடபிள்யூ11 என்ற எண்ணால்தான் சொல்வார்கள். விலை 1,800 பவுண்டு. பெட்ரோல் பங்க்கை ஒட்டிய ஒரு கடையில் சனி ஞாயிறு வேலை பார்த்து அவன் சேர்த்த காசு. வாங்கும்போது 16 வயது, வண்டி சாலைக்கு வந்தபோது 17 தாண்டியிருந்தது. நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், காவென்ட்ரியில். நான் கோவை பீளமேட்டில் ஒரு டிங்கரிங் பட்டறையில் தொழில் கற்றவன், இங்கே தகடு வேலை செய்யும் ஒரு கம்பெனியில் வெல்டர். காரின் மேல்பக்கத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அடியில் படுத்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது அருமையான கார். ஆனால் எஞ்சினைப் பார்த்து வாங்கக்கூடாது, தகரத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வீட்டிலோ சொந்தத்திலோ வெல்டிங் தெரிந்த ஒருவர் இல்லையென்றால் துருப்பிடித்த ஏடபிள்யூ11 பக்கம் போகவே வேண்டாம்.

எஞ்சின் நடுவில் இருக்கும் கார்தான் வேண்டும் என்று பையன் ஒற்றைக்காலில் நின்றான். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் எஞ்சின். ஃபெராரியிலும் லம்போர்கினியிலும் பல மாடல்கள் அப்படித்தான், அவை நமக்குக் கனவு. கைக்கு எட்டுகிற விலையில் பழைய வண்டி என்றால் நான்கைந்து பெயர்தான் வரும். ஃபியட் எக்ஸ்1/9 பார்த்தோம். பெர்டோனே பட்டறை வரைந்த அழகான வண்டி, 1972-ல் வந்தது. எம்ஆர்2-வே துருவுக்குப் பேர்போனது, அதையும் மிஞ்சியது இது. போர்ஷே 914 விலையில் எங்கேயோ போய்விட்டது. பான்டியாக் ஃபியரோ அமெரிக்க வண்டி. மேலே பிளாஸ்டிக் பாடி, உள்ளே இரும்புக் கூடு, ஸ்டியரிங் இடது பக்கம் மட்டுமே. இங்கே அதற்குச் சாமான் தேடி அலைய முடியாது. அப்படிக் கழித்துக் கழித்து வந்து நின்றது எம்ஆர்2-வில்.

வந்து நின்ற இடம் நல்ல இடம். டொயோட்டாவில் அகியோ யோஷிதா என்ற பொறியாளரின் குழு 1970-களின் பாதியிலேயே இந்த வண்டியைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டது. 1983 டோக்கியோ கண்காட்சியில் எஸ்வி-3 என்ற பெயரில் மாதிரியைக் காட்டினார்கள். 1984-ல் விற்பனைக்கு வந்து அந்த ஆண்டின் ஜப்பான் கார் விருதையும் வாங்கியது. 1989 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் செய்தார்கள். இதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், முன்சக்கரத்தை இழுக்கும் கொரோல்லா வகை எஞ்சின் கியர்பாக்ஸ் அமைப்பை அப்படியே இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்ததுதான். எஞ்சின் 4ஏ-ஜிஇ: 1,587 சிசி, நான்கு சிலிண்டர், இரட்டை கேம், 16 வால்வு. ஐரோப்பிய மாடலில் 120-க்குச் சற்று மேல் குதிரைத்திறன், வண்டியின் எடையோ சுமார் ஒரு டன்தான். இதே எஞ்சின்தான் ஏஇ86 கொரோல்லாவிலும். அதனால் எஞ்சின் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. பாடி சாமான்தான் குதிரைக்கொம்பு.

பதிவு எண் ஒன்றை வைத்துக்கொண்டே இங்கே ஒரு வண்டியின் சரித்திரம் முழுவதையும் படித்துவிடலாம். 3 வயதைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் எம்ஓடி என்ற தகுதிச் சோதனை உண்டு. 2005-க்குப் பிந்தைய முடிவுகள் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. பாஸ், ஃபெயில் மட்டும் பார்த்தால் போதாது. பாஸ் ஆன வருடங்களில் சோதித்தவர் எழுதிவைத்த குறிப்புகளைப் படிக்க வேண்டும். எங்கள் வண்டியில் "பின்பக்கம் துரு, இன்னும் பலவீனமாகவில்லை" என்று ஒரு வருடம் வந்தது. அடுத்த வருடம் அதே வரி. பிறகு "இடது சில் துரு" சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் சோதனையே இல்லை. அதாவது செலவைப் பார்த்துப் பயந்து யாரோ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். நேரில் போகும் முன்பே எங்கே குத்திப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

சில் என்பது கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பாகம். அடியில் ஏணி போன்ற தனி இரும்புச் சட்டம் இல்லாத வண்டியில் பாரத்தைத் தாங்குவதே இதுதான். ஏடபிள்யூ11-ல் துரு முதலில் தலைகாட்டுவது பின்சக்கர வளைவில், அந்த வளைவும் சில்லும் சேரும் மூலையில். பின்சக்கரம் வாரியடிக்கும் சேறும், குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பும் உள்ளே அந்த மூலையில் போய்த் தங்கிவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் பெயின்டில் கடுகு அளவில் நாலு கொப்புளம் இருக்கும். அதை நம்பக்கூடாது. கொப்புளம் வெளியே வந்துவிட்டால் உள்பக்கத் தகடு போய் வெகுகாலம் ஆகியிருக்கும்.

துணியில் சுற்றிய காந்தத்தைப் பையன் கையில் கொடுத்தேன். வளைவின் மேல்பகுதியில் ஒட்டியது. கீழே இறக்க இறக்கப் பிடிப்பு தளர்ந்து, சில்லுக்கு ஒரு சாண் மேலே சுத்தமாக வழுக்கிவிட்டது. அங்கே இரும்பே இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான். விரல் கணுவால் தட்டச் சொன்னேன். மேலே 'டங்' என்று வந்த சத்தம் அங்கே 'பொத்' என்று அடங்கியது. பையன் முகம் வாடிவிட்டது. "மாமா, விட்டுடலாமா?" என்றான். "இரு கண்ணு, கீழ பாத்துட்டுச் சொல்றேன்" என்று பாயை விரித்துப் படுத்தேன். சஸ்பென்ஷன் மேல்முனை மாட்டும் இடங்கள் நன்றாக இருந்தன. முன்பக்கம் ஸ்பேர் வீல் பள்ளத்தில் மேலோட்டமான துருதான். கார்பெட்டைத் தூக்கினால் தரை காய்ந்திருந்தது. கூரையில் கழற்றி மாட்டும் கண்ணாடி இல்லாத மாடல் என்பதால் மேலிருந்து ஒழுகல் இல்லை. போனது இரண்டு பின்வளைவும் இடது சில்லின் பின்பாதியும். இது செய்யக்கூடிய வேலை. விற்றவர் 2,600 கேட்டார். நாங்கள் காந்தத்தை அவர் கண்முன்னே வைத்துக் காட்டினோம், 1,800-க்கு இறங்கினார். நல்ல மனிதர், ஸ்பேர் டெயில் லைட் ஒரு ஜோடியும் கொடுத்து அனுப்பினார்.

அந்தப் பட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிச் சுரண்டியபோது பட்டிக்குப் பின்னால் அலுமினியச் சல்லடை, அதற்குப் பின்னால் கசக்கித் திணித்த செய்தித்தாள். எந்தப் பட்டறை என்று தெரியாது, எந்தப் பட்டறையாக இருந்தாலும் சரி. பாரம் தாங்குகிற இடத்தில் காகிதத்தைத் திணித்து மேலே பெயின்ட் அடித்துக் காசு வாங்கியவனை நான் தொழிலாளி என்று சொல்ல மாட்டேன். அந்த வண்டியில் ஏறி உட்காருவது இன்னொருவர் வீட்டுப் பிள்ளை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்கிற வேலைதான் வேலை என்று பீளமேட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதையே பையனுக்கும் சொன்னேன்.

இனி வெல்டிங். இந்த விமர்சனத்தில் நான் நிதானமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான், ஏனென்றால் இந்தக் காரின் விலை என்பது உண்மையில் இந்த வேலையின் விலை.

முதலில் பாதுகாப்பு. ஏடபிள்யூ11-ல் பெட்ரோல் டாங்க் பின்னால் இல்லை. கியர் லீவர் நிற்கும் நடுமேட்டுக்குள், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே நீளவாக்கில் படுத்திருக்கிறது. எடை நடுவில் இருக்க வேண்டும் என்று செய்த ஏற்பாடு. ஓட்டும்போது நல்லது, வெல்டிங் செய்யும்போது பயங்கரம். நாங்கள் பெட்ரோலை வடித்து டாங்க்கையே கீழே இறக்கிவிட்டோம். இறக்கினால்தான் மேலே போகும் குழாய்களின் நிலையும் தெரியும். பேட்டரியைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் வயரையும் எஞ்சின் கம்ப்யூட்டர் பிளக்கையும் பிடுங்கிவைத்தோம். தீயணைப்பான் பக்கத்திலேயே. வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஷெட்டைப் பூட்டாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் தார்ப்படலம் மெதுவாகப் புகைந்து பிறகுதான் பிடிக்கும்.

அடுத்தது ஜாக்கி. சில்லில் துரு இருக்கும் வண்டியைச் சில்லில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் ஜாக்கி உள்ளே போய்விடும். நல்ல இரும்பு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிக் கண்டுபிடித்து அங்கே தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஸ்டாண்டு வைத்தபின் வண்டியைத் தோளால் தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகுதான் அடியில் தலை போக வேண்டும். பையன் இதில் அவசரப்பட்டால் அன்றைக்கு வேலை நிறுத்தம் என்று முதல் நாளே சொல்லிவைத்தேன்.

சில்லை வெட்டும் முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக் கொடுத்து, தற்காலிகமாகப் புள்ளி வெல்டிங்கில் பிடித்துவிட வேண்டும். இல்லையென்றால் வெட்டியதும் பாடி ஒரு நூல் இறங்கும், பிறகு ஜென்மத்துக்கும் கதவு சரியாக மூடாது. வெட்டுவதில் பையன் பட்ட கஷ்டம் கை வலி இல்லை, மனசு வலி. துரு தெரிகிற இடத்தோடு நிறுத்தப் பார்த்தான். "பளபளன்னு இரும்பு வர்ற வரைக்கும் வெட்டு" என்றேன். ஓட்டை உள்ளங்கை அளவிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்தது. துருப்பிடித்த விளிம்பில் வெல்டிங் நிற்காது. சுடச்சுட ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

வளைவின் வெளித்தகட்டுக்குச் சிறிய பட்டறைகள் அழுத்திச் செய்து விற்கும் ரிப்பேர் தகடுகள் கிடைக்கின்றன. வளைவு ஏறக்குறையப் பொருந்தும், விளிம்பைச் சுத்தியால் தட்டிச் சரிசெய்ய வேண்டும். உள்வளைவுக்கு எதுவும் கிடையாது. அட்டையில் அச்சு வெட்டி, 1 மில்லிமீட்டர் தகட்டில் வரைந்து, குழாய் மேல் வைத்து வளைத்துச் செய்தோம். முதல் அச்சை அட்டையில் வெட்டியபோதே பையனின் கை எனக்குப் பிடித்துப்போனது. மடிப்புக்கு எவ்வளவு கூடுதல் விட வேண்டும் என்று கேட்காமலே விட்டிருந்தான்.

மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்து உருகும் வகை) 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானும் கரியமில வாயுவும் கலந்த கேஸ். பழைய துண்டுத் தகடுகளை ஒட்டிப் பழக்கிவிட்டுத்தான் வண்டியில் கைவைக்கவிட்டேன். மெல்லிய தகட்டில் நீளமாக இழுத்தால் சூட்டில் தகடு அலை அலையாக நெளிந்துவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு ஜாண் தள்ளி, அப்புறம் எதிர்ப்பக்கம், அப்புறம் தொட்டுப் பார்த்துச் சூடு ஆறிய பிறகு மறுபடி முதல் இடம். இப்படிப் புள்ளிகளை நெருக்கிக்கொண்டே வந்து கடைசியில் இடைவெளியே இல்லாமல் இணைத்துவிட வேண்டும். எம்ஓடி விதியும் அதைத்தான் கேட்கிறது: பாரம் தாங்கும் இடத்தில் ஒட்டுப் போட்டால் சுற்றிலும் விடாமல் வெல்டிங் இருக்க வேண்டும், தொழிற்சாலையிலேயே புள்ளி வெல்டிங் செய்திருந்த மடிப்பில் மட்டும் புள்ளி வெல்டிங் செய்யலாம். பட்டியும் ஃபைபரும் அங்கே செல்லாது. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட்பெல்ட் மாட்டுகிற இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் பலமிழந்த துரு இருந்தாலே ஃபெயில். எங்கள் வண்டியின் இடது சில் சீட்பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் இந்தக் கணக்கை ஸ்கேலை வைத்தே பார்த்தோம்.

வெல்டிங் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துப் பெயின்டுக்கு ஓடுபவர்களின் வண்டி இரண்டு குளிர்காலத்தில் மறுபடி கொப்புளிக்கும். தகடு மேல் தகடு படியும் இடத்தில் வெல்டிங்குக்கு முன்பே அடித்துவைத்த துத்தநாக பிரைமர், இணைப்புகளில் சீலர், அடியில் கல் அடிக்குத் தாங்கும் பூச்சு, எல்லாம் காய்ந்தபின் பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு. நாங்கள் டினிட்ரால் மெழுகைப் பயன்படுத்தினோம். நீளக் குழாய் முனையை உள்ளே விட்டு, அடித்துக்கொண்டே பின்னுக்கு இழுக்க வேண்டும். சில்லின் அடியில் இருக்கும் நீர்வடி துளைகளிலிருந்து மெழுகு சொட்டினால் சரியாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு அந்தத் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். இதை மறக்கவே கூடாது. துளை அடைத்த சில், உள்ளே தண்ணீரைச் சேர்த்துவைத்து அழுகும்.

இயந்திரப் பக்கம் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் டொயோட்டா அங்கே வஞ்சனை செய்யவில்லை. பல வருடம் நின்ற வண்டிக்குப் புது பேட்டரி, புது பெட்ரோல், புது ஆயில், பிளக். ஸ்டார்ட்டர் சுற்றியது, இருமியது, பிடித்துக்கொண்டது. டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிட வேண்டும். வலது பின்சக்கரத்தைக் கழற்றி அந்த வழியாகக் கையை விட்டால்தான் எட்டும். மெலிந்த கைகள் உள்ளவருக்கு ஏற்ற வேலை, பையனே செய்தான். பின்பக்கம் பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பர்கள் இறுகியிருந்தன. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஹேண்ட்பிரேக் பொறி பின் காலிப்பருக்குள்ளேயே இருப்பதால் நின்ற வண்டியில் இது எப்போதும் வரும் கோளாறு. பிரித்து, புது சீல் போட்டு மாட்டினோம். ஐந்தாவது கியரில் வேகமெடுத்து ஆக்ஸிலேட்டரை விட்டால் லீவர் தானாக வெளியே குதிக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இந்தக் கியர்பாக்ஸின் பிறவிக் குணம் அது. எங்களுடையது தப்பித்தது.

எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் மட்டும் தனிக்கதை. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். தண்ணீர் வண்டியின் முழு நீளத்துக்கும் இரும்புக் குழாய்களில் போய்த் திரும்ப வேண்டும். அந்தக் குழாய்களும் அடியில் இருப்பதால் துருப்பிடிக்கும். டாங்க்கை இறக்கியபோது ஒன்று அரித்திருப்பதைப் பார்த்து மாற்றினோம். அதைவிடப் பெரிய தலைவலி காற்று. இவ்வளவு நீளமான பாதையில் எங்காவது ஒரு காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டால் ஹீட்டர் சுடாது, சூட்டைக் காட்டும் ஊசி ஏறும், கடைசியில் ஹெட் கேஸ்கட் போய்விடும். பின்னால் எஞ்சின் பக்கம் ஊற்றுகிற வாயிலிருந்து ஊற்ற வேண்டும். முன்னால் ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் காற்றை வெளியேற்றும் திருகுகள் இருக்கின்றன. நாங்கள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை அவற்றில் மாட்டி உயரமாகக் கட்டிவைத்தோம். பின்னால் நான் மெதுவாக ஊற்ற, முன்னால் பையன் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் கொப்புளம் கொப்புளமாகச் சிவப்புக் கூலன்ட் ஏறியது, நின்றது, மறுபடி கொப்புளித்தது. குழாயில் குமிழி இல்லாமல் ஒரே மட்டமாக நிற்கும் வரை அவசரப்படாமல் ஊற்ற வேண்டும். பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே அனல் காற்று வருகிறதா என்று கைவைத்துப் பார்க்க வேண்டும். அனல் வந்தால் ஜெயம்.

இன்னொன்று: டி-விஸ் என்று ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று போக இரண்டு வழி, குறைந்த வேகத்தில் அதில் ஒன்றை மூடிவைக்கும். நிமிடத்துக்கு 4,400 சுற்று வாக்கில் இரண்டையும் திறந்துவிடும். அந்த இடத்தில் எஞ்சினின் குரலே மாறும், வண்டி மறுபடி ஒருமுறை கிளம்புவது போல இருக்கும். மாறவில்லையென்றால் பெரும்பாலும் ஒரு சின்ன வெற்றிடக் குழாய் வெடித்திருக்கும். எங்களுக்கு அதுதான். சில்லறைக் காசுக்கு ஒரு ரப்பர் குழாய், பத்து நிமிடம், வேலை முடிந்தது. இப்படிப்பட்ட சின்னச் சின்ன ஜெயங்கள்தான் ஒரு பையனைக் கையில் ஸ்பானரோடு வைத்திருக்கும். போன வருடம் வரை அறையைவிட்டு வெளியே வராதவன் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்த அதே பிள்ளைதான்.

எம்ஓடி முதல் தடவையே பாஸ். சோதித்தவர் விளக்கைப் பிடித்து வெல்டிங்கை நெடுநேரம் பார்த்துவிட்டு யார் செய்தது என்று கேட்டார். உள்வளைவு நான், சில் இவன் என்றேன். பையனின் கையைக் குலுக்கினார்.

ஓட்டுவது எப்படி? பவர் ஸ்டியரிங் கிடையாது. முன்பக்கம் எடை குறைவு என்பதால் அது தேவையும் இல்லை. சாலையில் இருக்கும் சிறு கல்லைக்கூட உள்ளங்கை சொல்லிவிடும். கியர் லீவர் குட்டையாக, சுத்தமாக விழும். 7,500 சுற்று வரை எஞ்சின் சலிக்காமல் போகும். நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்துக்கு எட்டு விநாடி வாக்கில். இன்றைய மின்சாரக் கார்களின் முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் தரையோடு தரையாக உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் எஞ்சின் பாட, நாட்டுப்புறச் சாலை வளைவில் 40 மைல் வேகத்திலேயே கிடைக்கிற சந்தோஷத்தை எந்தப் புதுக் காரும் எனக்குத் தந்ததில்லை.

ஒரு எச்சரிக்கை உண்டு, அதைப் பெற்றோர் கட்டாயம் கேட்க வேண்டும். எடையில் பாதிக்கு மேல் பின்னால். ஈரச் சாலையில் வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் பிடிப்பை இழக்கும். நடுவில் எஞ்சின் உள்ள வண்டி சுற்றத் தொடங்கினால் வேகமாகச் சுற்றும். ஏபிஎஸ் இல்லை, வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் காவல் எதுவும் இல்லை. டயர் அதிகம் தேயாமல் இருந்தாலும் பழசென்றால் தூக்கிப் போடுங்கள்; பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் செய்த வாரமும் வருடமும் இருக்கும். 185/60 ஆர்14 அளவு இன்றும் நல்ல கம்பெனிகளில் கிடைக்கிறது, நான்கும் ஒரே வகையாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் ஒப்பந்தம் இதுதான்: லைசென்ஸ் வாங்கி முதல் ஒரு வருடம் மழையில் இந்த வண்டி வெளியே வராது, உப்புப் போடும் மாதங்களில் ஷெட்டைவிட்டே நகராது. அவன் ஓட்டப் பழகியதும் லைசென்ஸ் டெஸ்ட் கொடுத்ததும் அக்காவின் சாதாரணச் சின்னக் காரில். அது சரியான முடிவு என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்சூரன்ஸ் கேட்டால் தலை சுற்றும். 17 வயதுக்காரன், இரண்டு இருக்கை, ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பல கம்பெனிகள் விலையே சொல்லவில்லை; சொன்னவர்கள் காரின் விலையைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். பழைய கார்களுக்கென்று உள்ள பாலிசிகள் மலிவுதான், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இளம் ஓட்டுநர்களை எடுப்பதில்லை. கார் வாங்கும் முன்பே இந்தத் தொகையைக் கேட்டுவிடுங்கள். சரிசெய்யும் காலத்தில் வண்டி சாலையில் இல்லை என்று வண்டிப் பதிவைப் பார்க்கும் டிவிஎல்ஏ அலுவலகத்துக்குச் சொல்லிவைத்தால் சாலை வரி கட்ட வேண்டாம். 40 வயதைத் தாண்டிய வண்டிக்கு அந்த வரியும் போய்விடும், எம்ஓடி-யும் கட்டாயம் இல்லை. ஆனாலும் துருப்பிடித்து எழுந்த வண்டியை வருடா வருடம் சோதனைக்குக் கொண்டுபோவேன், பையனையும் கொண்டுபோகச் சொல்வேன்.

செலவுக் கணக்கு: தகடு, கேஸ், கிரைண்டர் வட்டு, மெழுகு, பெயின்ட், பெல்ட், ஹோஸ், டயர், காலிப்பர் சாமான் எல்லாம் சேர்த்துக் கார் வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. வெல்டருக்குக் கூலி கொடுத்திருந்தால் இன்னும் இரண்டு மடங்கு. ஆக, இதை லாபக் கணக்கில் வாங்கக்கூடாது. கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் துருவே இல்லாத வண்டியாக வாங்குவதுதான் மலிவு. சரிசெய்வதைக் கற்றுக்கொள்ளவே வாங்குகிறீர்கள் என்றால் மட்டும் எங்கள் வழி.

எந்த மாடல் என்று கேட்டால், மூடிய இரும்புக் கூரை உள்ளதையே எடுங்கள். 1986-லிருந்து வந்த, கூரைக் கண்ணாடிகளைக் கழற்றும் டி-பார் மாடல் வெயில் நாளில் அழகுதான்; பழைய ரப்பர் வழியாக ஒழுகித் தரையைத் தின்றுவிடும். ஜப்பானிலிருந்து இறக்குமதியான சூப்பர்சார்ஜர் வண்டி இன்னும் வேகம், அது பையன்களுக்கு வேண்டாம். எஞ்சினில் ஆயில் புகை வந்தாலும் பரவாயில்லை, பின் சஸ்பென்ஷன் மாட்டும் இடத்தில் துரு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். எஞ்சினை இன்னொரு வண்டியிலிருந்து எடுத்து மாட்டலாம்.